நாட்டுத் தக்காளியின் நாடு எது?

எங்கள் தெருமுனையில் காய்கறி விற்கும் அம்மாளிடம் தக்காளி எப்போதும் இரண்டு கூடைகளில் இருக்கும். ஒன்றில் ஒரே அளவில், ஒரே நிறத்தில், தோல் தடித்த பழங்கள். அவற்றுக்குப் பெங்களூர்த் தக்காளி என்று பெயர். மற்றதில் சிறிதும் பெரிதுமாக, பக்கவாட்டில் மடிப்பு விழுந்து, காம்படியில் வெடிப்போடு, இரண்டு நாள் தாங்காத பழங்கள். அவை நாட்டுத் தக்காளி. "ரசத்துக்குன்னா நாட்டுத் தக்காளி எடுங்க சார். அதுதான் நம்ம ஊர்க் காய்" என்றார் ஒருநாள்.

மனத்துக்குள் சிரித்துக்கொண்டேன். தக்காளியின் மூதாதை தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் பகுதியைச் சேர்ந்தது. அதைப் பெரிய பழமாகப் பயிர்செய்து வளர்த்தவர்கள் மெக்சிகோவின் தொல்குடிகள். 1492-க்கு முன் இந்தியாவில் ஒருவரும் அதைக் கண்டதில்லை. இதை அவரிடம் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன், சொல்லாமல் வந்துவிட்டேன். சொல்லாதது நல்லதாயிற்று. யோசிக்க யோசிக்க, அந்த அம்மாள் பேசியது சரிதான் என்றும், 'நாடு' என்ற சொல்லை நான்தான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தேன் என்றும் தோன்றத் தொடங்கியது. அந்தச் சொல்லின் பொருளைத் தேடி நூலகத்துக்குப் போவதற்கு முன் வீட்டுக் கொல்லைக்குப் போகவேண்டும்.

*

தஞ்சை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் இருந்த என் பாட்டி வீட்டுக் கொல்லையை இன்றும் என்னால் வரைந்து காட்ட முடியும். பின்கட்டுக் கதவைத் திறந்ததும் கிணறு, துவைகல். துவைகல்லிலிருந்து வழியும் நீர் ஒரு சிறு வாய்க்காலாக ஓடி வாழைக்கும் சேம்புக்கும் போய்ச் சேரும். சொட்டு நீரும் வீணாகாது. வடக்கு மூலையில் முருங்கை. கிளுவை வேலி நெடுக அவரை படர்ந்திருக்கும். கிணற்றுக்கு அப்பால் மூங்கில் பந்தலில் புடலையும் பீர்க்கையும் பாகலும். புடலம்பிஞ்சு சுருண்டுவிடாமல் நேராக நீள, நுனியில் சிறு கல்லைக் கட்டித் தொங்கவிடுவது சிறுவர்களாகிய எங்கள் வேலை. எருக்குழி ஓரத்தில் பறங்கிக்கொடி யாரும் விதைக்காமலே முளைத்துப் போகும். மிளகாயும் கத்தரியும் நான்கைந்து செடிகள். தக்காளி சாம்பல் கொட்டிய இடத்தில்.

பூச்செடிகள் தனிப் பாத்தியாக இல்லை. மல்லிகைப் புதர் கிணற்றடியில்; கனகாம்பரம் சுவரோரம்; அந்திமந்தாரை எங்கும். நித்தியகல்யாணியைப் பாட்டி நட்டதில்லை, பிடுங்கியதுமில்லை. துலுக்கச் சாமந்தி கார்த்திகையிலிருந்து தை வரை மஞ்சளாய் நிறைந்திருக்கும். பூவும் காயும் கலந்து கிடந்த அந்த இடத்துக்குத் தோட்டம் என்று யாரும் பெயர் சொன்னதில்லை. அது கொல்லை, வீட்டின் பின்பக்கம், அவ்வளவுதான்.

அந்தப் பட்டியலை இன்று திரும்பப் படித்தால் ஓர் உலகப்படம் விரிகிறது. புடலையும் கத்தரியும் வெள்ளரியும் இந்தியத் துணைக்கண்டத்தில் பயிரானவை. கனகாம்பரம் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரியது. அவரையின் காட்டு மூதாதை ஆப்பிரிக்காவில் இருக்கிறது. ஆனால் அது இங்கே வந்த காலம் வரலாற்றுக்கு எட்டாதது. மிளகாய், தக்காளி, பறங்கி, துலுக்கச் சாமந்தி, அந்திமந்தாரை ஆகியவை அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை. நித்தியகல்யாணி மடகாஸ்கர் தீவிலிருந்து. எழுதப் படிக்க அதிகம் அறியாத ஒரு மூதாட்டி, தன் ஊரைவிட்டு நான்கு முறைக்குமேல் வெளியே போகாதவள், ஐந்து சென்ட் நிலத்தில் நான்கு கண்டங்களை வளர்த்துக்கொண்டிருந்தாள்.

*

வந்தவற்றைப் பேசுவதற்கு முன் இருந்தவற்றைப் பேசவேண்டும். சங்கப் பாடல்களில் வீட்டை ஒட்டிய தோட்டத்துக்குப் படப்பை என்ற அழகான சொல் உண்டு. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 பூக்களைப் பற்றி அறியாத இலக்கிய வாசகர் இருக்கமாட்டார். அந்த நெடும்பட்டியலைப் பெரும்பாலும் மலைச்சாரலின் பூக்கள் என்றே நினைவில் வைத்திருக்கிறோம். அதில் பீரமும் இருக்கிறது: பீர்க்கம்பூ. காந்தளோடும் செங்கோடுவேரியோடும் சமையற்கட்டுக் கொடி ஒன்றின் பூவும் சரிசமமாக அமர்ந்திருக்கிறது. நற்றிணையில் ஒரு பெண், தானும் தோழியரும் விளையாட்டாக மணலில் புதைத்து மறந்த விதையிலிருந்து முளைத்து வளர்ந்த புன்னையைத் தன் உடன்பிறப்பாகவே கருதி, அதன் நிழலில் காதலனோடு பேச நாணுகிறாள். தமிழில் வீட்டுத் தோட்டக்கலை பற்றிய மிகப் பழைய குறிப்புகளில் ஒன்றாக நான் இதைக் கருதுகிறேன். விதை போட்டவர் தாயாகிறார். முளைத்தது குடும்பத்தில் சேர்ந்துவிடுகிறது. இந்த உறவுமுறையை மனத்தில் வைத்துக்கொள்வோம். பின்னால் தேவைப்படும்.

1492-க்கு முந்தைய தமிழ்ச் சமையற்கட்டை அறிய இன்னோர் ஆவணமும் உண்டு. அது ஏட்டில் இல்லை, இலையில் இருக்கிறது. எங்கள் வீட்டைப் போன்ற பல வீடுகளில் முன்னோர் திதி நாளன்று மிளகாய் சேர்ப்பதில்லை, காரத்துக்கு மிளகுதான். தக்காளி, உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், கேரட் எதுவும் கிடையாது. வாழைக்காய், பாகல், அவரை, புடலை, சேம்பு, சேனை, பிரண்டை ஆகியவையே இலைக்கு வரும். காரணம் கேட்டால் 'வழக்கமில்லை' என்பதற்குமேல் பதில் வராது. முன்னோருக்கு அவர்கள் அறிந்த உணவையே படைக்கவேண்டும் என்ற எண்ணம் எப்போதோ ஒரு பட்டியலாக உறைந்துவிட்டது. பூரி ஜகந்நாதர் கோயிலின் மடைப்பள்ளியிலும் தக்காளிக்கும் உருளைக்கும் முட்டைக்கோஸுக்கும் இடமில்லை. ஆண்டுக்கு ஒருநாள் எங்கள் வீட்டு அடுப்பு கொலம்பஸுக்கு முந்தைய காலத்துக்குத் திரும்பிப் போகிறது என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே உணர்ந்தேன்.

ஆனால் நினைவு எப்போதும் பிழையற்றதல்ல. எங்கள் வீட்டுத் திதி இலையில் சர்க்கரைவள்ளிக் கிழங்குக்கு இடமுண்டு. அதுவும் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். வள்ளி என்ற பழம்பெயரைச் சூடிக்கொண்டு வந்ததால், வாசலில் நின்று காவல் காத்தவர்கள் அதை உள்ளூர்க் கிழங்கு என்று நினைத்து உள்ளே விட்டுவிட்டார்கள் போலும்.

*

மற்றவை எப்படி வந்தன? பள்ளிப் பாடத்தில் நாம் தனித்தனியாகப் படித்த இரு செய்திகளை அடுத்தடுத்து வைத்தால் போதும். 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தார். அடுத்த கப்பற்படையோடு புறப்பட்ட கப்ரால், 1500 ஏப்ரலில் அட்லாண்டிக்கின் மேற்கே வெகுதூரம் விலகிச்சென்று பிரேசில் கரையைத் தொட்டார். அதே ஆண்டு செப்டம்பரில் கோழிக்கோட்டுத் துறையில் நங்கூரம் பாய்ச்சினார். ஆறே மாதத்தில் ஒரே கப்பற்படை பிரேசிலையும் மலபாரையும் தொட்டுவிட்டது. 1510-இல் கோவா போர்த்துகீசியர் வசமாயிற்று. நாகப்பட்டினமும் மயிலாப்பூரும் முத்துக்குளித்துறையும் அவர்கள் நடமாடும் இடங்களாயின. கிழக்கே, 1565 முதல் மெக்சிகோவின் அகபுல்கோவிலிருந்து மணிலாவுக்கு ஸ்பானியக் கப்பல்கள் ஆண்டுதோறும் வந்துபோயின. இரண்டு வழிகளிலும் விதைகள் பயணம் செய்தன.

மிளகு தேடி வந்தவர்களின் கப்பலில்தான் மிளகாய் வந்தது என்பது வரலாற்றின் நகைச்சுவைகளில் ஒன்று. மலையேறிப் பறிக்கவேண்டிய, விலைகொடுத்து வாங்கவேண்டிய மிளகுக்குப் பதிலாக, எந்த ஏழையின் கொல்லையிலும் மூன்று மாதத்தில் காய்க்கும் ஒரு காரம் கிடைத்துவிட்டது. முதல் மிளகாய்ச் செடியைத் தமிழ்நாட்டில் நட்டவர் பெயரை எந்த ஆவணமும் சொல்லவில்லை. அரசாணை இல்லை, கல்வெட்டு இல்லை. அது கொல்லை வழியாகவே பரவியிருக்கவேண்டும். துறைமுகத்துச் சமையற்காரர் ஒருவர் மடியில் முடிந்துகொண்டு வந்த விதை, பக்கத்து வீட்டுக்குக் கொடுத்த நாற்று, மகளோடு புக்ககம் போன விதைமுடிச்சு என்று.

ஆவணம் இல்லாத இடத்தில் சொற்கள் ஆவணமாகின்றன. மிளகைப் போல் காரமுள்ள காய் என்பதால் மிளகாய். பறங்கியர் கொண்டுவந்ததால் பறங்கிக்காய். மேலைக் கிறித்தவர்களைக் குறிக்க அரபியரும் பாரசீகரும் வழங்கிய சொல் சுற்றிச் சுற்றி வந்து நம் எருக்குழிக் கொடியில் காய்த்துத் தொங்குகிறது. போர்த்துகீசியரின் அனனாஸ் அன்னாசியாயிற்று, கொய்யாபா கொய்யாவாயிற்று. மலையாளிகள் இன்னும் வெளிப்படையாகப் பெயரிட்டார்கள்: முந்திரி மரம் கப்பமாவு, அதாவது கப்பலில் வந்த மா. மிளகாய்க்குக் கப்பல் முளகு என்றே ஒரு பெயருண்டு. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ் நூலில் முந்திரியும் அன்னாசியும் கப்பல் பெயரோடேயே பதிவாகியுள்ளன. டச்சு ஆளுநர் வான் ரீட் தொகுக்கச் செய்த அந்நூலுக்குச் செடிகளை இனங்காட்டி உதவிய உள்ளூர் வைத்தியர்களில் முதன்மையானவர் இட்டி அச்சுதன். அவர் செடிகளை அறிந்தது எந்தத் தாவரவியல் பூங்காவிலும் அல்ல. தன் குலத்தினரின் தோட்டங்களிலும் ஏடுகளிலும்தான்.

தக்காளி கொஞ்சம் வேறு வழியில் வந்தது. அதற்குப் பெயர் இங்கே முன்பே காத்திருந்தது. மணத்தக்காளி என்றும் சொடக்குத் தக்காளி என்றும் நாம் அழைக்கும் சிறு செடிகள் அதே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றின் பழம் கோலிக்குண்டைவிடச் சிறியது. கடல்கடந்து வந்த பெரிய பழத்தைப் பார்த்த நம்மவர்கள் உறவைச் சரியாகவே கண்டுகொண்டார்கள். தாவரவியல் வகுப்பு எதுவும் நடக்கவில்லை. இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்திருப்பார்கள். சீமைத்தக்காளி என்று என் பாட்டியின் தலைமுறையில் சொன்னவர்கள் உண்டு. பிறகு சீமை உதிர்ந்தது. தக்காளி மட்டும் நின்றது. இன்று தக்காளி என்றால் வந்ததுதான் நினைவுக்கு வருகிறது. இருந்ததற்குத்தான் 'மண' என்ற அடைமொழி தேவைப்படுகிறது.

*

பூக்களின் கதையில் இந்த உறவாடல் இன்னும் துணிச்சலானது. திருமண மாலைகளில் தவறாது இடம்பெறும் நிலச்சம்பங்கி மெக்சிகோவின் செடி. மண்ணிலிருந்து கிளம்பும் அதன் மணத்தை முகர்ந்தவர்கள் செண்பக மரத்தின் நினைவில் அதற்குப் பெயரிட்டார்கள். துலுக்கச் சாமந்தியும் மெக்சிகோவினதே. அங்கே இறந்தவர்களை நினைவுகூரும் நாளில் கல்லறைகளில் குவிக்கப்படும் அப்பூ, இங்கே மாட்டுப் பொங்கலன்று பசுவின் கழுத்தில் ஏறியது. அதற்குச் சாமந்தி என்ற பெயரைத் தந்த மூத்த பூவும் சீனத்திலிருந்து வந்த விருந்தாளிதான். சிவபூசைக்குரிய மஞ்சளரளி வெப்பமண்டல அமெரிக்காவினது. எல்லாவற்றுக்கும் மேலாக நாகலிங்கப்பூ. ஆயிரம் தலை நாகம் குடைபிடிக்க நடுவே லிங்கம் என்று நாம் கைகூப்பும் அந்த மலரின் மரம் தென்னமெரிக்கக் காடுகளுக்கு உரியது. அங்கே அதைப் பார்த்தவர்களுக்கு அதன் காய் பீரங்கிக் குண்டாகத் தெரிந்தது. நம்மவர்கள் காயைப் பார்க்கவில்லை, பூவைப் பார்த்தார்கள்.

திதி இலையில் மிளகாயை மறுத்த அதே சமூகம் தெய்வத்தின் தலையில் அயல்நாட்டுப் பூவைச் சூட்டியது. முன்னோரிடம் காட்டும் கண்டிப்பைக் கடவுளிடம் காட்டவேண்டியதில்லை என்று நினைத்தார்களோ என்னவோ. மார்கழிக் கோலத்தின் நடுவே சாணிப் பிள்ளையாரின் தலையில் பாட்டி வைத்தது பறங்கிப்பூவைத்தான். அயலாரின் பெயரைச் சுமந்த அயல்நாட்டுக் கொடியின் பூ, தமிழ் மாதங்களில் மிகப் புனிதமானதன் வாசலில் அமர்ந்திருந்தது. யாருக்கும் உறுத்தவில்லை. உறுத்தாததைத்தான் பண்பாடு என்கிறோம்.

நித்தியகல்யாணியைப் பற்றி ஒரு சொல் கூடுதலாகச் சொல்லவேண்டும். நீரூற்றாமலே சமாதிகளின் இடுக்கில் பூப்பதால் அதற்குச் சுடுகாட்டு மல்லி என்ற பெயரும் உண்டு. 1958-இல் கனடாவைச் சேர்ந்த ராபர்ட் நோபிள், சார்ல்ஸ் பீர் ஆகிய அறிஞர்கள், நீரிழிவுக்கு மருந்து கிடைக்குமா என்று ஜமைக்காவிலிருந்து வந்த அதன் இலைகளை ஆராயப்போய், புற்றுநோய் அணுக்களை ஒடுக்கும் வின்பிளாஸ்டின் என்ற வேதிப்பொருளைக் கண்டெடுத்தார்கள். அதே செடியிலிருந்து கிடைத்த வின்கிரிஸ்டின் குழந்தைகளின் ரத்தப்புற்றுநோய்ச் சிகிச்சையில் இன்றும் பயன்படுகிறது. சுடுகாட்டு மல்லி குழந்தைகளைச் சுடுகாட்டிலிருந்து மீட்டுக்கொண்டிருக்கிறது. நட்டதுமில்லை, பிடுங்கியதுமில்லை என்ற பாட்டியின் கொள்கை எவ்வளவு பெரியது!

*

போர்த்துகீசியருக்குப் பின் வந்த ஐரோப்பியர் செடிகளை வேறு விதமாக அணுகினர். 1768-இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜோஹன் கெரார்ட் கோனிக், உயிரினங்களுக்கு இரட்டைப் பெயரிடும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸின் நேர் மாணவர். 1776-இல் அங்கே வந்த பாதிரியார் ராட்லர் செடிகளையும் சேகரித்தார், சொற்களையும் சேகரித்தார். அவர் தொகுத்த தமிழ்-ஆங்கில அகராதி 1834-இல் வெளிவரத் தொடங்கி, அவர் 1836-இல் மறைந்த பின்னரே முழுமையடைந்தது. 1835-இல் சென்னையில் வேளாண்-தோட்டக்கலைச் சங்கம் உருவாயிற்று. பெயரிடுதல், உலர்த்தித் தாளில் ஒட்டுதல், எண்ணிடுதல் என்று கொல்லைக்கு வெளியே ஒரு புதிய தோட்டக்கலை பிறந்தது.

அதன் உச்சியாக நாம் உதகமண்டலத்துத் தாவரவியல் பூங்காவைக் கருதுகிறோம். ஆனால் அதன் தொடக்கம் மிக எளிமையானது. 1845-இல் உதகையில் வாழ்ந்த ஐரோப்பியர்கள், நியாய விலையில் காய்கறி கிடைக்கவேண்டும் என்பதற்காக, மாதம் 3 ரூபாய் சந்தா செலுத்தி நடத்திய காய்கறித் தோட்டமே அது. 1848-இல் மெக்கைவர் என்ற தோட்டக்கலைஞர் வந்த பிறகுதான் அது பூங்காவாக உருமாறியது. அதற்கும் முன்பே, 1819-இல் நீலகிரி ஏறிய கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் ஐரோப்பியக் காய்களை அங்கே பயிரிடத் தொடங்கியிருந்தார். ஊர் ஏக்கத்துக்கு மருந்தாக அவர்கள் முட்டைக்கோஸ் வளர்த்தார்கள் என்று தோன்றுகிறது. தாய்நாட்டை விட்டுப் போனவர்கள் எல்லோரும் செய்வதுதான் இது. இலங்கைக்கும் மலேயாவுக்கும் போன நம் தோட்டத் தொழிலாளர்கள் லயத்துக்குப் பின்னால் முருங்கைக் கொம்பை ஊன்றியதும் அதற்காகத்தானே.

இங்கே நாம் தொடங்கிய கேள்விக்குத் திரும்பலாம். தமிழ்நாட்டின் சந்தைகளில் காய்களை இரண்டாகப் பிரிக்கிறார்கள்: நாட்டுக் காய், இங்கிலீஷ் காய். முட்டைக்கோஸ், கேரட், பீட்ரூட், பீன்ஸ் எல்லாம் இங்கிலீஷ் காய். அவை நீலகிரிக்கு வந்து இருநூறு ஆண்டுகள் ஆகின்றன. இருநூறு ஆண்டுகள் ஆகியும் அவற்றுக்குக் குடியுரிமை கிடைக்கவில்லை. மிளகாய்க்கும் பறங்கிக்கும் தக்காளிக்கும் கிடைத்துவிட்டது. ஏன்?

காலம் மட்டும் காரணமாகத் தெரியவில்லை. எனக்குத் தோன்றும் காரணம் விதை. ஐரோப்பிய முட்டைக்கோஸும் கேரட்டும் பீட்ரூட்டும் பூப்பதற்குப் பல வாரக் குளிரை அனுபவித்தாக வேண்டும். தமிழ்ச் சமவெளியில் அந்தக் குளிர் இல்லை. தஞ்சைக் கொல்லையில் ஒரு கேரட்டை நட்டு எவ்வளவு சீராட்டினாலும் அது பூத்து விதைதராது. பீன்ஸ் நம் வெயிலில் பூவை உதிர்த்துவிடும். எனவே எந்தப் பாட்டியாலும் இவற்றின் விதையைச் சேமிக்க முடியவில்லை. ஒவ்வொரு முறையும் காசு கொடுத்து வாங்கவேண்டியிருந்தது. தக்காளியும் மிளகாயும் பறங்கியும் அப்படியல்ல. தின்ற காயிலேயே அடுத்த ஆண்டுச் செடி இருந்தது.

வட இந்தியா இதற்குச் சான்று தருகிறது. 1822-இல் சஹாரன்பூருக்கு இங்கிலாந்திலிருந்து காலிஃபிளவர் விதை வந்தது. அங்கே உழவர்கள் வெப்பத்தைத் தாங்கியவற்றின் விதையையே மீண்டும் மீண்டும் எடுத்து விதைத்துக்கொண்டிருந்தார்கள். சமவெளியிலேயே விதை தரும் இந்தியக் காலிஃபிளவர் என்ற தனி வகையே உருவாகிவிட்டது. அங்குள்ள சிவப்புக் கேரட்டும் சமவெளியில் விதை தருவது. அதை அவர்கள் தேசி என்றே அழைக்கிறார்கள். ஆக, 'நாட்டு' என்ற அடைமொழி ஒரு செடி எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லவில்லை. அதன் விதை யாருடைய கையில் இருக்கிறது என்பதைச் சொல்கிறது. புன்னையை உடன்பிறந்தவளாக்கிய நற்றிணைத் தாயும் இதைத்தான் அறிந்திருந்தாள்.

*

விதையைக் காப்பது ஒரு தனிக் கல்வி. பாட்டி முதல் காயிலும் விதை எடுக்கமாட்டார், கடைசிக் காயிலும் எடுக்கமாட்டார். கொடி முழு வலுவோடு இருக்கையில் நடுவில் காய்த்ததையே விதைக்கு விடுவார். வேறு யாரும் பறித்துவிடாமலிருக்க அதில் ஒரு துணிக்கிழிசலைக் கட்டுவார். பறங்கி விதையைச் சாணத்தில் பதித்துச் சுவரில் தட்டிவைப்பார். பீர்க்கை முற்றிக் கூடான பிறகு அப்படியே அடுப்புக்கு மேலே தொங்கும். புகைபட்டால் பூச்சி அண்டாது. அவரை விதையைச் சாம்பலில் புரட்டித் துணியில் முடிந்து சுரைக்குடுக்கைக்குள் போடுவார். ஆடிப்பட்டம் தேடி விதை என்ற பழமொழி எல்லோருக்கும் தெரியும். ஆடியில் விதைக்க, தையிலேயே எடுத்து வைத்திருக்கவேண்டும் என்பதைப் பழமொழி சொல்லவில்லை. அதைப் பாட்டிகள் செய்துகொண்டிருந்தார்கள்.

இதன் பின்னுள்ள அறிவியலும் ஒரு தோட்டத்தில்தான் கண்டறியப்பட்டது. இன்றைய செக் நாட்டின் பர்னோ நகர மடாலயத்தில், 35 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் உள்ள ஒரு துண்டு நிலத்தில், 1856 முதல் 1863 வரை ஏறத்தாழ 28,000 பட்டாணிச் செடிகளை வளர்த்தார் கிரெகர் மெண்டல். இரு வகைகளை ஒட்டினால் முதல் தலைமுறை ஒரேபோல் இருக்கும். அதன் விதையை விதைத்தால் அடுத்த தலைமுறையில் பண்புகள் பிரிந்து சிதறும் என்று கண்டார். 1866-இல் அச்சான அவரது கட்டுரையை அக்காலத்தில் கவனித்தோர் மிகச் சிலரே. இன்று உலகின் விதை வணிகத்தில் பெரும்பகுதி இந்த ஒற்றை உண்மையின்மேல் நிற்கிறது. கடையில் வாங்கும் வீரிய ஒட்டு விதை முதல் தலைமுறை. விளைச்சல் சிறப்பாக இருக்கும். ஆனால் அதன் பழத்திலிருந்து விதை எடுத்தால் பிள்ளை தாயைப்போல் இராது. அடுத்த ஆண்டும் கடைக்குத்தான் போகவேண்டும். முட்டைக்கோஸுக்கு இயற்கை இட்ட விதியைத் தக்காளிக்கு மனிதன் இட்டான் எனலாம். தெருமுனை அம்மாளின் இரண்டு கூடைகளுக்கு இடையிலுள்ள வேறுபாடு இதுவே.

1988-இல் இந்திய அரசின் புதிய விதைக் கொள்கை காய்கறி, பூ விதைகளின் இறக்குமதியை எளிதாக்கியது. 2001-இல் இயற்றப்பட்ட பயிர் வகைகள், உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் பரிமாறிக்கொள்ளவும் உழவருக்கு உள்ள உரிமையை எழுத்தில் உறுதிசெய்தது. இரண்டையும் குறைசொல்ல நான் வரவில்லை. ஒட்டு விதைகள் பல கோடிப் பேருக்கு மலிவாகக் காய்கறி கிடைக்கச் செய்தன என்பது உண்மை. உரிமையும் நம்மிடம்தான் இருக்கிறது. ஆனால் பயன்படுத்தத் தெரிந்தவர் இல்லாத உரிமை பூட்டிய பெட்டி போன்றது. எந்தச் சட்டமும் கொள்கையும் இல்லாமலேயே விதையை இழக்க முடியும் என்பதற்கு நானே சாட்சி.

பாட்டி மறைந்த பின் வீட்டை விற்றோம். சாமான்களை ஒழிக்கும் பொறுப்பு என்னுடையது. சமையலறை உத்தரத்தில் கரிபிடித்துத் தொங்கிய சுரைக்குடுக்கையை இறக்கினேன். உள்ளே ஏழெட்டுத் துணிமுடிச்சுகள். இருபத்துச் சொச்சம் வயது எனக்கு. பித்தளைப் பாத்திரங்களை எண்ணிப் பட்டியலிட்டுக்கொண்டிருந்தேன். குடுக்கையைக் குப்பைமேட்டில் கவிழ்த்துவிட்டு வந்தேன். அதிலொரு முடிச்சில், விளிம்பில் ஊதாக் கோடு ஓடும் பட்டையான அவரை இருந்திருக்கவேண்டும். பாட்டி அதைத் தன் தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்ததாகச் சொல்வார். அவருடைய தாய்க்கு அது எங்கிருந்து வந்ததோ. அந்த அவரையை அதன் பிறகு எந்தச் சந்தையிலும் நான் பார்க்கவில்லை. பித்தளை அண்டாக்கள் இப்போதும் இருக்கின்றன.

*

இப்போது மொட்டைமாடியில் பத்துப் பன்னிரண்டு பைகளில் செடி வளர்க்கிறேன். கொல்லை இல்லாத ஊரில் அதுவே கொல்லை. தமிழ்நாட்டில் ஆங்காங்கே நடக்கும் விதைத் திருவிழாக்களுக்குப் போகிறேன். பழைய விதைகளைத் தேடிப் பாதுகாக்கும் இளைஞர்களைக் காணும்போது பொறாமையும் ஆறுதலும் ஒருசேர வருகின்றன. அங்கே ஊதா விளிம்பு அவரையைக் கண்டால் உள்ளம் துள்ளும். கையிலெடுத்துப் பார்த்தால் அது வேறொன்றாக இருக்கும்.

சென்ற ஆண்டு தெருமுனை அம்மாளிடம் நாட்டுத் தக்காளி வாங்கி, நன்கு பழுத்த இரண்டைப் பிழிந்து, விதையை நீரில் இரண்டு நாள் புளிக்கவைத்தேன். மேலே படிந்த கூழ் கழன்றதும் அலசி நிழலில் உலர்த்தினேன். ஆடியில் விதைத்தேன். ஆறு செடிகள் காய்த்தன. ஐந்தில் தாயைப்போலவே மடிப்பு விழுந்த பழங்கள். ஒன்றில் மட்டும் உருண்டையாக, பெங்களூர்க் கூடையில் சேர்த்துவிடக்கூடிய பழங்கள். எங்கோ ஒரு வயலில் ஒரு தேனீ எல்லைதாண்டிப் போயிருக்கிறது.

ஐந்து செடிகளின் விதையையும் தனித்தனியே எடுத்துச் சாம்பலில் புரட்டித் துணியில் முடிந்தேன். சுரைக்குடுக்கை இல்லை, கண்ணாடிச் சீசாவில் போட்டு மூடினேன். சாம்பல் கேட்டதற்கு இஸ்திரிக்காரர் சிரித்துக்கொண்டே ஒரு பொட்டலம் கொடுத்தார். அவை நாட்டுத் தக்காளிதானா என்பது அடுத்த ஆடியில் விதைத்து, கார்த்திகையில் காய்த்த பிறகு தெரியும்.